நாலாவது வயல்

போன மாதம் மும்தாஜ் வீட்டுக்கு வந்திருந்தாள். கடையநல்லூர்ப் பெண். புள்ளியியல் துறையில் என்னிடம் வேலை பழகியவள்; இன்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவள் இருக்கிறாள். காப்பி ஆறுவதற்குள் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இனிமே விளைச்சல வானத்துல இருந்தே படம் புடிச்சுச் சொல்லிருவாங்களாம். சில இடத்துல சோதனை பாக்காங்க. நம்ம கயிறு, முளை, தராசு எல்லாம் இன்னும் எத்தன நாளைக்கோ."

"நல்லதுதானட்டி. பிள்ளைங்க வெயில்ல நிக்க வேண்டாம்."

"அது சரிக்கா. ஆனா வானத்துல இருந்து பாத்தா வேலம்மா தெரிவாளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலம்மாவின் கதையை மும்தாஜிடம் நான்தான் சொல்லியிருந்தேன். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் அதை நம்ப மாட்டேன் என்கிறார்களாம். எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன். ஆனால் மும்தாஜுக்கே தெரியாத ஒரு பகுதி இதில் இருக்கிறது. அது எனக்கே பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பிறந்தது தாமிரபரணிப் பாசனத்தில். எங்கள் வீட்டில் விவசாயம் என்றால் வாய்க்கால், மடை, நாற்று, நடவு. மழை பெய்யாவிட்டாலும் அணையில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் அப்பா கேட்பார். தேர்வு எழுதி, சில மாதப் பயிற்சியில் சூத்திரங்களை நெட்டுருப் போட்டு, சங்கரன்கோவிலில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை இதுதான்: எந்த ஊரில் எந்தப் பயிர் எவ்வளவு விளைந்தது என்று வயலில் இறங்கி அறுத்து, அடித்து, நிறுத்துச் சொல்வது.

சேர்ந்த வாரமே திருவேங்கடத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் காட்டுக்கு அனுப்பினார்கள். மழை நின்று வெகுநாள் ஆகியிருந்தது. நிலம் முழுக்க வெடிப்பு. அளவுக்காகக் கொண்டுபோன இரும்பு முளை கையிலிருந்து நழுவி ஒரு வெடிப்புக்குள் விழுந்தது. குனிந்து பார்த்தேன், காணவில்லை. கையை முழங்கை வரை விட்டும் தட்டுப்படவில்லை. கூட வந்த விவசாயி, "விடுங்க மேடம், அது இனி மழைக்குத்தான் திரும்பும்" என்றார். பூமி ஓர் இரும்பை விழுங்கி நான் பார்த்ததில்லை. அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்து, "இங்கன மண்ணு வாயத் தொறந்துக்கிட்டு கெடக்குப்பா" என்றேன்.

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே போனால் புளியங்குடி எலுமிச்சை, வாசுதேவநல்லூர் நெல், மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், நிரம்பும் குளங்கள். கிழக்கே போனால் வானம் பார்த்த கரிசல். உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம். ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விளையாத வருடங்களில் கரிசல் ஊர்க்காரர்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள், டவுனில் விசைத்தறிக்கு வந்தார்கள், திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். என் பணிக்காலத்தில் திருவேங்கடம் தனித் தாலுகா ஆனது. நாங்கள் நெல்லை மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டத்துக்கு மாறினோம். வரைபடத்தில் கோடுகள் இடம்மாறின. மழை அந்தக் கோடுகளைக் கண்டுகொள்ளவே இல்லை.

வேலை பழகியதெல்லாம் சண்முகவேல் சாரிடம். எங்கள் உதவி இயக்குநர். ஜீப் இருந்தும் பெரும்பாலும் டவுன் பஸ்ஸில் வருவார். வயலுக்குள் இறங்குமுன் செருப்பைக் கழற்றிப் பொழியில் வைப்பார். பொழி என்பது கரிசலில் வரப்புக்குப் பெயர். அறுவடைச் சோதனை நடக்கும் ஊரில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். "மோரக் குடிச்சா கயிறு தளரும்மா" என்பார்.

அந்தக் கயிற்றில்தான் அவருடைய உயிர் இருந்தது. எந்த வயல் என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எண் குலுக்கலில் விழும். வயலின் தென்மேற்கு மூலையில், விவசாயிகள் சொல்லும் கன்னி மூலையில், நின்று, குலுக்கலில் வந்த எண்ணிக்கைப்படி நீளத்திலும் அகலத்திலும் அடி வைத்து உள்ளே போக வேண்டும். கால் நின்ற இடத்தில் முதல் முளை. அது பொட்டலாக இருந்தாலும் சரி, செழித்த இடமாக இருந்தாலும் சரி. அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். நான்கு முளையும் அடித்த பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளப்பார். கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்வார். பிறகு கயிற்றை இழுத்துக் கட்டி விரலால் சுண்டிப் பார்ப்பார். கயிற்றின் மேலேயே நிற்கும் செடி உள்ளே சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்பதற்கு மண்ணில் மண்டியிட்டு வேரைப் பார்ப்பார். சதுரத்துக்குள் இருப்பதை அறுத்து, படுதாவில் போட்டு அடித்து, சொளகில் புடைத்து, தராசில் வைத்தால் வருவதுதான் அந்த ஊரின் விளைச்சல்.

கோபம் வந்தால் கத்த மாட்டார். "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்பார். சொல்வோம். "இன்னொரு தடவ." சுற்றி வளைத்த சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் நடந்தது மட்டும் வாயில் மிஞ்சும் வரை விடமாட்டார்.

மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருடம் அவர் எங்களோடு இருந்தார். ரோட்டிலிருந்து பார்த்தபோது காடு முழுக்கப் பச்சை. நான் ஆறுதலாகத்தான் இறங்கினேன். ஒரு செடியின் குருத்தை விரித்தேன். உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம், நடுவில் ஒரு புழு. அடுத்த செடி, அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். கோழித் தீவனத்துக்கு நல்ல கிராக்கி என்று பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறிய ஊர் அது. நிலத்துக்காரர் என்னையே பார்த்தபடி, "பச்சையாத்தான மேடம் இருக்கு? பச்சையாத்தான இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேலைக்கு வந்து அத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் அப்படி உறைந்து நின்றது அன்றுதான். அதைவிடப் பெரிது இனி வராது என்று நினைத்தேன்.

வந்தது. அதுதான் வேலம்மாவின் வயல்.

அது ஒரு கரிசல் ஊர், பெயர் வேண்டாம். அந்த வருடம் விதைப்புக்கு மழை பெய்து, கார்த்திகையில் ஏமாற்றிவிட்டது. உளுந்து பூக்கும்போதே கருகியது. பயிர்க் காப்பீட்டில் தனி ஆளின் நஷ்டத்தைப் பார்ப்பதில்லை. ஊரில் நான்கு வயல்களில் சோதனை அறுவடை. அவற்றின் சராசரி, ஊரின் பழைய விளைச்சலை வைத்துப் போட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் எல்லோருக்கும் நிவாரணம். இதில் ஒரு கொடுமை உண்டு. அடிக்கடி பொய்த்துப்போகும் ஊரின் பழைய விளைச்சலும் அற்பமாகத்தான் இருக்கும். அதற்கும் கீழே இறங்குவது லேசில்லை. ஒரே ஒரு நல்ல வயல் குலுக்கலில் வந்துவிட்டால் போதும், ஊரே மேலே நின்றுவிடும்.

மூன்று வயல் முடிந்தது. தேறியது ஒன்றுமில்லை. நாலாவதாக அய்யாத்துரையின் வயல் விழுந்தது.

ஊரிலேயே அது ஒன்றுதான் பச்சை. அவருக்குக் கிணறும் போரும் இருந்தன. பக்கத்து நிலம் அவர் மச்சினன், அதாவது வேலம்மாவின் கூடப்பிறந்த தம்பி, முத்துப்பாண்டியுடையது. ஒரே ஒரு நனைப்புக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறான். அய்யாத்துரை தர முடியாது என்றுவிட்டார். அதிலிருந்து ஊரில் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

நாங்கள் போனபோது ஊரே பொழியில் நின்றது. காப்பீட்டு நிறுவனத்தின் இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். நான் கன்னி மூலையிலிருந்து அடி வைத்துப் போய் முளை அடித்தேன். செடி முழங்கால் உயரம். கொத்துக் கொத்தாகக் காய், கறுத்து முற்றியிருந்தது. கரிசலில் அப்படி ஓர் உளுந்தை நான் பார்த்ததில்லை. அடிக்கும் ஒவ்வொரு முளையும் பின்னால் நிற்பவர்களின் நெஞ்சில் இறங்குவது போலிருந்தது. முத்துப்பாண்டி மட்டும், "அடிங்க மேடம், நல்லா அடிங்க. எங்க அத்தான் ஒரு ஆளு சாப்பிட்டா ஊருக்கே வயிறு நெறஞ்ச கணக்குதான?" என்றான்.

அய்யாத்துரை அவன் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார்: "என் கெணத்துல கெடந்தது ஒரு வயலுக்குத்தான் காணும் மேடம். பங்கு வச்சிருந்தா எல்லாரும் சேந்து காஞ்சிருப்போம். நான் என்ன செய்யட்டும்?"

குறுக்கே அளந்து முடித்துக் கயிற்றைக் கட்டினேன். அறுக்கிற பெண்ணை உள்ளே வரச் சொல்லித் திரும்பினேன். அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது.

கிழக்குப் பொழியில் ஆடுகள். எருவுக்காக வயல்களில் கிடை போட ஊருக்கு வந்திருந்த மந்தை. முன்னால் ஒரு பெண், சேலையை இழுத்துச் செருகி, கையில் நீளக் கம்போடு. அவள் ஆடுகளைத் தடுக்கவில்லை. வயலுக்குள் பத்தினாள்.

"ஏட்டி! ஏட்டி வேலம்மா! என்னட்டி செய்யுத? கிறுக்கு புடிச்சிட்டா?" என்று அய்யாத்துரை அலறினார். அப்போதுதான் அவள் அவர் மனைவி என்று எனக்குப் புரிந்தது.

"ஆமா, கிறுக்குத்தான்!" அவள் குரல் கிறீச்சிட்டது. "கூடப்பொறந்தவன் வயலு கண்ணு முன்னால கருகிச்சு. ஒரு நனைப்புக் குடுத்தியளா? இப்பம் இந்த ஒத்த வயல வச்சு ஊரு வாயில மண்ணு விழணுமா? நான் இந்த ஊர்லதான் சாவணும், தெரிஞ்சிக்கிடுங்க!"

ஆடு காத்திருக்குமா? உளுந்தங்காய் என்றால் அதற்கு விருந்து. நான் கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தன. முளை சாய்ந்தது. டேப்பைப் பிடித்த கையோடு நான் நின்றேன். என் இடுப்பை உரசிக்கொண்டு ஆடுகள் போயின. அய்யாத்துரை ஓடினார், ஒன்றை விரட்டினார், பத்து நுழைந்தது. "விட்டுருட்டி, வேண்டாம்ட்டி, நிறுத்துட்டி" என்று கெஞ்சினார். பிறகு அப்படியே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

என்னை அதிர வைத்தது ஆடுகளல்ல. பொழியில் அத்தனை பேர் நின்றார்கள். ஒருவர்கூட ஒரு கல்லை எடுத்து ஓர் ஆட்டைத் துரத்தவில்லை. முத்துப்பாண்டியும்தான். ஆட்டுக்காரர் மட்டும் ஓடிவந்து, "எனக்கு ஒண்ணுந் தெரியாது தாயி, இந்தம்மாதான் வந்து மேயச் சொன்னாக" என்று என்னைக் கும்பிட்டார்.

சாருக்கு போன் செய்தேன். அவர் வந்து சேர்ந்தபோது வயலில் பாதிக்கு மேல் காம்பும் மண்ணும்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"சொல்லுங்கம்மா."

சொன்னேன். "இன்னொரு தடவ" என்றார். சொன்னேன். மூன்றாவது தடவை என் வாயில் மிஞ்சியது இவ்வளவுதான்: "சதுரம் கட்டியாச்சு. பயிர் இருந்துச்சு. நிலத்துக்காரர் சம்சாரம் ஆட்ட உள்ள விட்டாங்க."

காப்பீட்டு இளைஞர், மீதமிருக்கும் பச்சையில் வேறு சதுரம் போடலாம் என்றார். ஊர்க்காரர் ஒருவர், "கண்ணு முன்னால ஒண்ணுமில்லாமப் போச்சே, பூஜ்யம்னு போடுங்க சார்" என்றார். சார் குனிந்து சாய்ந்து கிடந்த முளையைப் பிடுங்கினார்.

"ரெண்டும் முடியாது" என்றார். "இந்த வயல் இனிமே இந்த ஊரு மழையச் சொல்லாது. இந்த அம்மாவோட கோவத்தத்தான் சொல்லும். அத நான் நிறுத்துப் போட முடியாது. குலுக்கல்ல அடுத்து நிக்குத வயலுக்குப் போவோம். இங்கன நடந்தத ஒளிக்காம எழுதி மேல அனுப்புவோம். ஒத்துக்கிடுததும் தள்ளுததும் அவங்க இஷ்டம்."

அடுத்த எண் ஊரின் கடைசியில் ஒரு காய்ந்த வயல் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரோ கை தட்டினார்கள். சார் அந்தப் பக்கம் திரும்பினார்.

"கை தட்டாதீங்கய்யா. ஒரு வீட்டு வெள்ளாம அழிஞ்சு கெடக்கு. இன்னைக்கு அந்த வீட்ல அடுப்பு எரியுமான்னு பாருங்க."

கைகள் நின்றன. வேலம்மா கம்பை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றாள். அவள் புருஷனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மாற்று வயலில் சொளகில் தங்கியது ஒரு கைப்பிடி. மாவட்ட அலுவலகத்தில் நாள்கணக்கில் வாதம் நடந்தது. சார் போய்ப் போய், அந்த வயல் மழையைச் சொல்லாது என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தார். கடைசியில் மாற்று வயலை ஒப்புக்கொண்டார்கள். ஊருக்கு நிவாரணம் வந்தது. ஊரில் வேலம்மாவின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்றானது. அய்யாத்துரை தண்ணீர் கொடுக்காத கஞ்சனாகவே மிஞ்சினார். பெண்டாட்டியே எதிர்த்து நின்ற மனிதன் என்று டீக்கடையில் சிரித்தார்கள். நானும் அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். மும்தாஜிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முகூர்த்த நாளுக்கு முன்னால் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். பிச்சிப்பூ மூட்டையைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்து, "மேடம்!" என்றாள். தலை நரைத்திருந்தது. குரலில்தான் கண்டுபிடித்தேன். போர்த் தண்ணீரை வைத்துக் கொஞ்ச நிலத்தில் பூ போட்டிருக்கிறார்களாம். கையைப் பிடித்து என்னை ஓர் ஓரமாக அழைத்துப் போனாள்.

"உங்களப் பாத்தாச் சொல்லணும்னு எத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருக்கேன் மேடம். அன்னைக்கு ஆட்ட விடச் சொன்னது அவருதான்."

கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவள் பக்கம் நெருங்கினேன்.

"யாரு? உங்க வீட்டுக்காரரா? அவரு கீழ உக்காந்து அழுதாரே வேலம்மா! நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாரே!"

"அழுதது நெசம் மேடம். குலுக்கல்ல நம்ம வயலு விழுந்துட்டுன்னு தெரிஞ்ச அன்னையில இருந்து அவரு சரியாச் சோறு திங்கல. 'தண்ணிதான் குடுக்க முடியல, இதையாவது செய்வோம்ட்டி'ன்னாரு. 'அப்பம் நீங்களே பத்தி விடுங்க'ன்னேன். 'நான் வெதச்சதுட்டி, எனக்குக் கை ஓடாது, நீ செய்யி'ன்னாரு. சரின்னுதான் போனேன். ஆடு வாய வச்சதும் அவருக்குத் தாங்கல. நிறுத்துன்னு சொன்னதும் நெசந்தான். நான்தான் நிக்கல."

"நீங்க அன்னைக்குப் பேசுனதெல்லாம்?"

"அது என் வயித்தெரிச்சல். தம்பிக்குத் தண்ணி குடுக்காத கோவம் எனக்கு இருந்துச்சுல்லா? அதுவும் பொய் இல்ல."

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"தம்பிக்குக்கூடத் தெரியாது. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் சேந்து ஏமாத்துனோம்னு ஊருக்கு வந்த பணமும் போயிரும்னு பயந்தாரு. பொறவு, 'எனக்குக் கெட்ட பேரு வந்தது வந்துட்டு. உனக்கு வந்த நல்ல பேரையாவது வச்சிக்க'ன்னுட்டாரு. எத்தன வருசம் மேடம் ஒரு மனுசன் தல குனிஞ்சு நடப்பாரு? யார்கிட்டயாவது சொல்லாட்டா நான் வெடிச்சிருவேன்."

நான் அங்கேயே கவிழ்த்து வைத்த ஒரு பூக்கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அன்று அத்தனை கண்கள் அந்த வயலைப் பார்த்தன. என் கண் பத்தடி தூரத்தில் இருந்தது. வேலம்மாவைத் தவிர யாருக்கும் அந்த மனிதனின் அழுகை என்னவென்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் அவரே வந்தார், மொபெட்டில் இன்னொரு மூட்டையோடு. மெலிந்திருந்தார். வேலம்மா என் கையை ஒருமுறை இறுக்கிவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டாள். அவர் என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். பிள்ளைகள், உடம்பு, மழை என்று இரண்டு வார்த்தை பேசினோம். போகத் திரும்பியவர், வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு ஆடு வராம இருந்திருந்தா, நம்ம வயல்ல எவ்வளவு தேறியிருக்கும்னு நெனைக்கீங்க?"

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பூ மூட்டையைப் பார்த்தேன்.

"எவ்வளவுன்னு சொல்லத் தெரியல அண்ணாச்சி. ஆனா என் சர்வீஸ்ல கரிசல்ல அப்படி ஒரு உளுந்த நான் பாத்ததே இல்ல."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "இருக்கும்" என்றார். "ராவும் பகலும் அங்கனயேதான கெடந்தேன்."

பிறகு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வேலம்மா நின்ற பக்கம் நடந்தார்.